பூசையில் அமர்ந்த கப்பல்

நாற்பது ஆண்டுகள் கடலை உழுது திரிந்தவள், இடுப்புயர இரும்புத் தண்டு ஒன்றில் விழுந்த மயிரிழை விரிசலால் சென்னைத் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தாள். அந்தத் தண்டைக் கோணிச் சாக்கில் சுற்றி, காய்ச்சல் கண்ட குழந்தையைக் கிடத்துவதுபோல் வேனில் காலடியில் கிடத்தி, அதன்மேல் இடறாதபடி கால்களை ஒடுக்கிக்கொண்டு ஓசூரை நோக்கி வந்துகொண்டிருந்தார் ஜெபராஜ். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஆயுத பூசைக் காலை, ஞாயிற்றுக்கிழமை.

அவள் பெயர் மரியானா ஸ்டார். எண்ணூறு பயணிகளைச் சுமந்து நாடு நாடாய்ச் செல்லும் உல்லாசக் கப்பல். பயணிகளுக்கு அவள் மிதக்கும் மாளிகை. முதலாளிகளுக்கு, தங்கள் கப்பல் வரிசையிலேயே மூத்த கப்பல், செலவு வைக்கும் கப்பல். எந்திர அறையில் இருபத்து நான்கு ஆண்டு வியர்வை வார்த்த ஜெபராஜுக்கு அவள் 'கெழவி'. சிங்காரப்பேட்டையில் ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டுமே கணவன் முகம் கண்ட அன்னமேரிக்கோ அவள் சக்களத்தி. ஒருமுறையும் கண்ணால் காணாத சக்களத்தி.

அந்தக் கிழவிக்கு ஓய்வு வந்துவிட்டது. சிங்கப்பூரில் தொடங்கிய கடைசிப் பயணம் சென்னை, கொச்சி வழியாக மும்பையில் முடியும். அங்கே பயணிகள் இறங்கியதும், பழங்கப்பல்களை உடைக்கும் குஜராத்துக் கடற்கரைக்கு அவள் போவாள். ஜெபராஜும் அத்தோடு பணி ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெறப்போகிறவளுக்குப் புதிய உதிரிப் பாகம் எதற்கென்று கம்பெனி ஈராண்டாக எதுவும் வாங்கவில்லை. எந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் இறைக்கும் பம்புகள் இரண்டில் ஒன்று முன்பே உயிர்விட்டிருந்தது. மற்றொன்றைச் சுழற்றும் ஷாஃப்ட்டு என்னும் தண்டு சென்னைக்குள் நுழையும்போது விரிசல் விட்டது. நீர் இல்லாமல் எந்திரம் ஓடாது. எந்திரம் ஓடாமல் கப்பல் நகராது.

செவ்வாய்க்கிழமை காலைக்குள் துறையைக் காலி செய்ய வேண்டும் என்பது துறைமுகத்தாரின் கட்டளை. அதற்குள் புதிய தண்டு வராவிட்டால் பயணிகளை விமானத்தில் அனுப்பிவிட்டு, கப்பலை இழுவைப் படகில் கட்டி உடைக்குமிடத்துக்கு இழுத்துப்போவதென்று முடிவாகியிருந்தது. அதை ஜெபராஜ் ஏற்கவில்லை. அவள் தன் சொந்தக் காலால்தான் போவாள் என்று கப்பல் கேப்டனிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தார். ஞாயிறு ஆயுத பூசை, திங்கள் விசயதசமி. சென்னையில் அவர் தட்டிய பட்டறைக் கதவு ஒவ்வொன்றிலும் மாவிலைத் தோரணமும் பூட்டும் தொங்கின.

பூட்டிய பட்டறையைத் திறக்க நட்பை விட்டால் வேறு சாவி ஏது? தருமபுரியில் தொழிற்பயிற்சி படித்த நாளில் ஒரே தட்டில் சோறுண்ட ரத்தினவேல், இன்று ஓசூர்த் தொழிற்பேட்டையில் சொந்தப் பட்டறை வைத்திருந்தார். தொலைபேசியில் கேட்டதும், "எடுத்துக்னு வாடா. பூச முடிஞ்ச கையோட நானே ஓட்டித் தர்றன். தோசமிருந்தா எந்தலையில வரட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி, செங்கம் வழியாக வந்து, சிங்காரப்பேட்டையில் அன்னமேரியையும் ஏற்றிக்கொண்டார் ஜெபராஜ். போகிற போக்கில் சக்களத்தியின் எலும்பையாவது பார்க்கிறேன் என்று அவளும் ஏறிக்கொண்டாள்.

குருபரப்பள்ளியில் தேநீருக்கு நின்றார்கள். நெடுஞ்சாலை லாரிகளெல்லாம் முகப்பில் வாழைக்கன்று கட்டி, திருமணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளைகளாய் நின்றன. உடைந்த பூசணிகள் சாலையில் செந்நிறமாய்ச் சிதறிக் கிடந்தன.

"ஏங்க, கயித்துல கட்டி இழுத்தா என்னாங்க? தேரக்கூடத்தான் கயித்துல இழுக்கறாங்க" என்றாள் அன்னமேரி.

"தேர ஊரே கூடி, சாமிக்காவ இழுக்கும். இது அப்டி இல்ல மேரி. செத்த மாட்ட ஊருக்கு வெளிய இழுத்துக்னு போறாப்ல."

"எனக்கு முடியாம படுத்தன்னா இப்டித் தவிப்பீங்களா?"

"ஒனக்கு ஷாஃப்ட்டு நல்லாத்தான இருக்குது" என்றார் ஜெபராஜ். தேநீர்க் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி அன்னமேரி சிரித்தாள்.

*

பட்டறை புதுமணப் பெண்ணாய்க் காத்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்த, இரும்பு கடையும் லேத்துகள் மூன்று, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் தாங்கி வரிசையாய் நின்றன. நடுவில் தலைவாழை இலை. இலையைச் சுற்றி ஸ்பானர்களும் அளவுகோல்களும் துரப்பணங்களும் நீராடிய பிள்ளைகள் போல அணிவகுத்திருந்தன. பொரியும் கடலையும் சுண்டலும் மணத்தன.

"வாடா ஜெபா! கடல்ல முழுவிப் போயிட்டயோன்னு பாத்தன். இன்னும் உப்புக் கருவாடாட்டம் நல்லாத்தான் இருக்கற" என்று கட்டிக்கொண்டார் ரத்தினவேல். அவர் மனைவி ஜெயமணி அன்னமேரியின் கையைப் பிடித்து, "வாங்கண்ணி" என்று உள்ளே அழைத்துப்போனாள்.

தண்டைச் சாக்குப் பிரித்து மேசைமேல் வைத்தார் ஜெபராஜ். அந்நேரம் சட்டைப்பையில் கைப்பேசி அலறியது. துறைமுகத்தில் கப்பலுக்கு வேண்டியதைக் கவனிக்கும் ஏஜெண்டு ஜெகதீஷ். பட்டறைக்குள் சிக்னல் கிட்டவில்லை. வெளியே சாலை முனைக்குப் போய்ப் பேசினார். ரத்தினவேலும் வாசலில் வந்துநின்ற பூக்காரரிடம் போனார்.

மேசைமேல் கேட்பாரற்றுக் கிடந்தது தண்டு.

ஜெபராஜ் திரும்பி வரும்போது ஜெயமணி கையில் பூசை மணி ஒலித்துக்கொண்டிருந்தது. கற்பூரப் புகை கலையக் கலைய அந்தக் காட்சி தெரிந்தது. தலைவாழை இலைக்குப் பின்னால், எல்லாக் கருவிகளுக்கும் நடுநாயகமாய், மூன்று இடத்தில் சந்தனம் தீற்றி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சூடி அமர்ந்திருந்தது மரியானா ஸ்டாரின் தண்டு.

"இத யாரு இங்க வெச்சது?"

"நாந்தாண்ணா" என்றாள் ஜெயமணி, பெருமையோடு. "மேசமேல தனியா கெடந்துச்சி. எல்லா இரும்பும் பூசையில ஒக்காந்திருக்க, இது ஒண்ணு மட்டும் என்னா பாவம் பண்ணிச்சின்னு நானும் அண்ணியும் ரெண்டு பேருமாத் தூக்கி வெச்சம்."

பூவோடு அப்போதுதான் உள்ளே வந்த ரத்தினவேல் தலையில் கையை வைத்தார். "அடியே, அது நம்ம சாமானில்லடி. அளவெடுக்க வந்தது. அதப் பாத்துத்தான் இன்னிக்கி நான் லேத்து ஓட்டணும்."

ஜெயமணியின் முகத்திலிருந்த பெருமை விளக்கணைந்தாற்போல் மறைந்தது. ஆனால் குரல் மட்டும் அசையவில்லை. "இன்னிக்கே அளவெடுக்கணும்னு தெரியாம வெச்சிட்டன், தப்புதான். அண்ணிக்கும் இந்த மொற தெரியாது. ஆனா வெச்சது வெச்சதுதான். பூசையில ஒக்காந்தத நாளைக்கி வெடியக்காலம் தேங்கா ஒடைச்சித்தான் எடுக்கணும். நடுவுல கையவெச்சி எழுப்பக் கூடாது. ஒக்காந்த சாமிய எழுப்பி வேல வாங்கறாப்ல ஆவும்."

அளவு தெரியாமல் கடைய முடியாது. எழுப்பாமல் அளவு தெரியாது. ஒரு பகல் முழுதும் கைநழுவிப் போகிறது. ஜெகதீஷ் சற்றுமுன் சொன்ன செய்தி காதில் இன்னும் சுட்டது: இழுவைப் படகு வந்து நிற்கிறது, கயிறு தயார்.

ஜெபராஜின் வலக்கை தானாக முன்னே நீண்டது. இது என் வழிபாடு அன்று, என்னைக் கட்டும் விதியும் அன்று, என்றது மனம். ஒரே எட்டு, எடுத்துக்கொண்டு போய்விடலாம். அளவெடுக்கச் சிறுபொழுது போதும். ஊரில் வேறெவனாவது கடைந்து தரமாட்டானா?

அன்னமேரி அவர் முழங்கையைத் தொட்டாள்.

"இன்னிக்கி என்னா கெழமைங்க?"

"ஞாயித்துக்கெழம."

"நம்ம ஊட்லயும் இன்னிக்கி வேல செய்யக்கூடாதுன்னுதான சட்டம்? ஆறு நாள் ஒழச்சிட்டு ஏழாம் நாள் சும்மா இருன்னு நம்ம சாமி மனுசனுக்குச் சொல்லிச்சி. இவங்க சாமி இரும்புக்கும் சேத்துச் சொல்லியிருக்குது. அவளும் நாப்பது வருசமா ஓடறா. எந்த ஞாயித்துக்கெழமையாவது நின்னாளா?"

நீண்ட கை மடங்கியது. நாற்பது ஆண்டில் ஒரு நாளும் ஓயாத இரும்பு, பூவும் சந்தனமும் சூடி, விளக்கொளியில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்ற ஜெபராஜ் செருப்பைக் கழற்றினார். கைகளைக் கட்டிக்கொண்டு, தமக்குத் தெரிந்த செபத்தை வாய்க்குள்ளேயே சொன்னார்.

*

பட்டறைத் தொழிலாளர் அதுவரை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தனர். அவர்களில் மூத்தவர் ஆஞ்சப்பன், பெரிய லேத்தை ஆளும் கடைசல்காரர்; வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் பட்டறையில் தமிழும் பேசுகிறவர். பொரிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்து, பூசையை உற்றுப் பார்த்தார்.

"இது யாருது சாமி?"

ஜெபராஜ் சொன்னார். கிழவியின் வயதைச் சொன்னார். சூறாவளியில் ஒரு முழு இரவு அலைக்குமேல் எழுந்தும் வீழ்ந்தும் எண்ணூறு உயிரை அவள் கரைசேர்த்த கதையைச் சொன்னார். கயிற்றையும் சொன்னார்.

"ரிட்டேர் ஆவற கப்பலா?" ஆஞ்சப்பனின் புருவம் நெரிந்தது. "எங்க மச்சினன் போன மாசம் பேக்டரில ரிட்டேர் ஆனான். ஆளுயர மால போட்டு, சால்வ போத்தி, மேளம் வெச்சி, திறந்த ஜீப்புல ஒக்கார வெச்சி வூட்டாண்ட கொண்டாந்து வுட்டாங்க. நம்ம ஓசூர்ல பேக்டரி வாசக் காவல்காரன் ரிட்டேர் ஆனாக்கூட அதான் வழக்கம். நாப்பது வருசம் ஒழச்சவளுக்குக் கயிறா? ஆகல்ல, ஆகல்ல! கூடவே கூடாது!"

"அதுக்கு என்ன பண்றது? நாள் போயிருச்சே" என்றார் ரத்தினவேல்.

"எங்க போச்சி? ஓனரே, நாளைக்கி நாம மொதல்ல எந்த வேலயத் தொடுவம்?"

விசயதசமி விடியலில் கருவிகளை எழுப்பி, பெயருக்கு ஏதேனும் ஒரு சிறு வேலை செய்துவிட்டுத் தொழிலாளர் மீண்டும் விடுமுறைக்குப் போவது தொழிற்பேட்டையின் வழக்கம். எந்தப் பொருள் பூசையின் நடுவில் அமர்ந்ததோ அதன் வேலைதான் முதல் வேலை. தொட்டதை முடிக்காமல் எழுந்தால் ஆண்டு முழுதும் தொழில் அரைகுறையாகும் என்பார்கள். அதனாலேயே எல்லாப் பட்டறையிலும் புத்திசாலித்தனமாய் ஒரு சின்ன ஆணியை நடுவில் வைப்பார்கள்.

மெல்ல மெல்லத்தான் அது எல்லோருக்கும் உறைத்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இரண்டாம் லேத்தில் நின்ற முத்துக்குமார் நெற்றியில் அறைந்துகொண்டான்.

"அக்கா! ஒரு நட்டு போல்ட்ட வச்சிருந்தீகன்னா பத்து நிமிசத்துல எந்திரிச்சு ஊருக்குப் பஸ் ஏறியிருப்போம். நீங்க கப்பலையே தூக்கி வச்சுப்புட்டீகளே!"

பட்டறை அதிரச் சிரிப்பு எழுந்தது. ஜெயமணியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆஞ்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம பூசையில ஒக்காந்தது நம்ம ஆயுதம். இது இனிமே ஓனர் ஒருத்தர் வேலயில்ல, நம்ம எல்லார் வேல. முடிக்காத எந்திரிச்சா குத்தம். எத்தினி பேரு வர்றீங்க?" என்றார்.

யாரும் கை தூக்கவில்லை. யாரும் ஊருக்குப் போகும் பேச்சையும் எடுக்கவில்லை.

*

மறுநாள் கிழக்கு வெளுக்கையில் தேங்காய் உடைந்தது. ஆஞ்சப்பன் குளித்து, திருநீறு துலங்க வந்து, தண்டின் மாலையைக் கழற்றி இரு கைகளாலும் எடுத்து ஜெபராஜிடம் நீட்டினார். சந்தனத்தைத் துடைத்து, இடத்துக்கு இடம் மாறும் அதன் பருமனை அளந்தார்கள். ரத்தினவேல் சேமித்து வைத்திருந்த துருவேறா எஃகு உருளை பெரிய லேத்தில் ஏறியது. விசை போட்டதும், ஓர் இரவும் பகலும் உறங்கிய எந்திரம் யானை பிளிறுவதுபோல் ஒருமுறை முழங்கி, பின் சீராய்ப் பாடத் தொடங்கியது. முதற் சீவல் வெள்ளிச் சுருளாய் விழுந்தது. அதை ஜெயமணி எடுத்து விளக்கின்முன் வைத்தாள்.

அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் சடங்குக்கு ஓடிய எந்திரங்கள் சிறிது நேரத்தில் ஓய்ந்தன. இங்கே மட்டும் ஓயாத ஓசையைக் கேட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்ப் பட்டறைக்காரர் கோவிந்தப்பன் பூட்டிய சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார்.

"என்னா ரத்தினவேலு, நல்ல நாளும் அதுவுமா என்னா அப்பிடி அவசர வேல?"

"கப்பல் வேலப்பா."

"கப்பலா? கடலு இருக்கறது கெழக்க. ராமநாய்க்கன் ஏரில வுடப் போறயா?" என்று கோவிந்தப்பன் நகைத்தார். சுற்றி நின்றவர்களும் நகைத்தார்கள். ஆனால் கதையை முழுதும் கேட்டபின் அவர் சாவி சுழல்வது நின்றது. தண்டில் ஒரு நீளப் பள்ளம், அதாவது காடி, வெட்ட வேண்டியிருந்தது. அந்தக் காடியில்தான் பம்பின் சக்கரம் நழுவாமல் பிடித்து நிற்கும். அதை வெட்டும் மில்லிங் எந்திரம் ரத்தினவேலிடம் இல்லை. தெருவிலேயே ஒன்றுதான் இருந்தது, அது கோவிந்தப்பனுடையது.

ரத்தினவேல் வாய் திறக்குமுன்பே அவர் திரும்பி நடந்தார். "பூட்டுனவன் நானு, தொறக்கறவனும் நானு. சாமி கேட்டா நீங்கெல்லாம் சாட்சி சொல்லணும்" என்றபடியே தம் கதவைத் தள்ளினார்.

அதற்குப்பின் அது ஒரு பட்டறையின் வேலையாய் இல்லை, தெருவின் வேலையாயிற்று. ஒருவர் வெட்டுளியைச் சாணை பிடித்துக் கொடுத்தார். ஒருவர் வீட்டிலிருந்து இட்டிலி கொண்டுவந்தார். தண்டை ஒரு பட்டறையிலிருந்து எதிர்ப் பட்டறைக்கு இருவர் தோளில் ஏந்திப்போனபோது, உற்சவ மூர்த்திக்கு வழி விடுவதுபோல் சைக்கிள்கள் ஒதுங்கி நின்றன. வேலையின் நடுவே ஜெபராஜ் பரபரத்தார், மணி பார்த்தார், மறுபடி பார்த்தார். "கடியாரத்தப் பாக்காத சாமி, இரும்பப் பாரு" என்று அதட்டினார் ஆஞ்சப்பன். பகல் சாயும் வேளையில், பழைய தண்டும் புதிய தண்டும் பக்கத்தில் பக்கமாய்க் கிடந்தன. விரலை ஓட்டிப் பார்த்த ஜெபராஜின் கண்ணில் நீர் நின்றது. ஆஞ்சப்பனின் எண்ணெய்க் கையை எடுத்துத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வேன் கிளம்பும்போது ஜெயமணியைக் காணவில்லை. பூச்சந்தைப் பக்கமிருந்து ஆட்டோ ஒன்று மூச்சிரைக்க வந்து நின்றது. அதற்குள் இருந்தது ஒரு மாலை. மாலை என்று சொன்னால் போதாது. ஓசூர் ரோசாவை வடமாய்த் திரித்து, கதம்பக் குஞ்சம் வைத்து, மூன்று பேர் தூக்கும் பாரமாய்க் கட்டிய பூமலை.

"கப்பலுக்குக் கழுத்து எங்க இருக்கும்னு தெரியல. அதான் பெரிசாவே கட்டச் சொன்னன்" என்றாள். "வெச்சவ நானு. கொண்டுபோய் வுடறதும் எம்பொறுப்பு. நானும் வர்றன்."

ஜெயமணி வந்தால் ரத்தினவேல் வராமல் இருப்பாரா? ஆஞ்சப்பனோ வாழ்நாளில் கடல் கண்டதில்லை. அனைவரும் ஏறிக்கொண்டார்கள். முத்துக்குமார் மாலைமேல் படாமல் படிக்கட்டில் தொற்றிக்கொண்டான்.

*

செவ்வாய்க்கிழமை பொழுது புலர்ந்தபோது துறைமுகத்தில் ஜெபராஜ் எந்திர அறையின் ஆழத்தில் நின்றிருந்தார். ஓசூர்த் தண்டு பம்புக்குள் அமர்ந்திருந்தது. சுற்றிலும் பல நாட்டுக் கூட்டாளிகள், பல மொழியின் மௌனம். அவர் விசையைத் திருப்பினார். முதலில் ஓர் உறுமல். பின்பு ஒரு நடுக்கம். பின்பு குழாய்களுக்குள் கடல் புகுந்து பாயும் பேரோசை. அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறி, ஏற வேண்டிய இடத்தில் ஆடாமல் நின்றது. எந்திரம் கண்விழித்தது. அத்தனை மொழிகளும் ஒரே ஆரவாரமாயின.

கேப்டன் அவரை மேல்தளத்துக்கு வரச் சொன்னார். முகப்பிலிருந்து மாலுமிகள் கயிறு இறக்கியிருந்தார்கள். கட்டி இழுக்கும் கயிறு அன்று. மாலை ஏற்றும் கயிறு. ஜெகதீஷ் வாங்கி வைத்திருந்த அனுமதிச் சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு, கீழே கரையில் ஓசூர்க்காரர்கள் அண்ணாந்து நின்றார்கள். மாலை மெல்ல மெல்ல ஏறியது. அதை அணிவிக்கும் உரிமை ஜெபராஜுக்கு என்று கேப்டன் கைகாட்டினார். வெள்ளை முகப்பின் இருபுறமும் சிவந்த ரோசாச் சரங்கள் தாழ்ந்து தொங்கியபோது, தளமெங்கும் நின்ற பயணிகள் கைதட்டினார்கள்.

கீழே ஆஞ்சப்பன் கடலைப் பார்க்கவில்லை; கப்பலையே பார்த்தார். "இம்மாம் பெருசா! இதுக்கா நம்ம லேத்து வேல செஞ்சது?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். மேளத்துக்கு முத்துக்குமார் வேனின் தகரத்தைத் தட்டினான்.

அன்னமேரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையிலிருந்து அடிவரை சக்களத்தியை அளந்தாள். பிறகு இரு கைகளையும் வாயருகே குவித்து மேலே நோக்கிக் கூவினாள்: "அழகாத்தான் இருக்கறா! பத்திரமாக் கொண்டுபோயி வுட்டுட்டு வாங்க!"

துறைமுகத்தின் சிறு படகுகள் வழக்கம்போல் அவளைத் துறைவாய்வரை வழிகாட்டி விலகின. நெடுந்தூரம் இழுத்துப்போக வந்த பெரிய இழுவைப் படகு, சுருட்டிய கயிறு சுருட்டியபடி இருக்க, ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிட்டது. கழுத்தில் மாலையோடு, சொந்த மூச்சோடு, காலை வெயிலைக் கிழித்துக்கொண்டு கிழவி கடலுக்குள் நடந்தாள்.

*

மும்பையில் பயணிகள் அவளை முத்தமிட்டு இறங்கினார்கள். தீபாவளி அமாவாசையின் பேரோதம் கடலைக் கரைமேல் உயர்த்திய நாளில், குஜராத்துக் கடற்கரைக்கு எதிரே அவள் நின்றாள். அந்தக் கரையில் கப்பல்கள் நங்கூரமிடுவதில்லை. முழு வேகத்தில் மணலின்மேல் பாய்ந்து ஏறும். கயிற்றில் வந்தவை இழுபட்டு, ஓரத்துச் சேற்றில் சாய்ந்து கிடப்பதை ஜெபராஜ் முன்பு கண்டிருக்கிறார். அதனால்தான் அத்தனை தவிப்பு.

எந்திர அறையில் மணி ஒலித்தது: முழு வேகம், முன்னே.

அவர் தந்தார். உள்ளதெல்லாம் தந்தார். பம்பு முழங்க, தண்டு சுழல, நாற்பது ஆண்டு வேகத்தையும் ஒரே மூச்சில் திரட்டிக்கொண்டு கிழவி கரையை நோக்கிப் பாய்ந்தாள். அடிவயிறு மணலைத் தொட்டது. தொட்டும் நில்லாமல் ஏறினாள். ஏறி ஏறி, நிலத்தின் மடியில் நிமிர்ந்து நின்றாள். ஜெபராஜ் தம் கையாலேயே பம்பை நிறுத்தினார். வெதுவெதுப்பாய் இருந்த தண்டை ஒருமுறை தடவிக் கொடுத்தார். கழற்றி எடுத்துப் போகிறாயா என்று கூட்டாளி ஒருவன் சைகையில் கேட்டான். இல்லை என்று தலையசைத்தார். அது அவளுடையது.

மேலே வந்ததும் ரத்தினவேலைக் கைப்பேசியில் அழைத்தார். நாளையும் நேரத்தையும் ஜெபராஜ் முன்பே சொல்லியிருந்ததால், தீபாவளிக்கு மறுநாளாயினும் தெருவே அந்தப் பட்டறை வாசலில் கூடியிருந்தது. வெடிக்காமல் மிச்சமிருந்த பட்டாசோடு காத்திருந்தான் முத்துக்குமார். சிங்காரப்பேட்டையிலிருந்து வந்திருந்த அன்னமேரிதான் கைப்பேசியை வாங்கினாள்.

"என்னாங்க, போயிட்டாளா?"

"போவல மேரி. கரையேறிட்டா."

அப்பால் ஆஞ்சப்பனின் குரல் இடைமறித்தது. "மேளம் அடிச்சாங்களா சாமி? கேளுங்கம்மா, மேளம் இருந்திச்சான்னு கேளுங்க!"

ஜெபராஜ் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் சங்கின் விசையைக் காட்டி, நீயே ஊது என்று விலகி நின்றார். கைப்பேசியை வானோக்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் விசையை இழுத்தார் ஜெபராஜ். மரியானா ஸ்டார் கரைமேல் நின்றபடி முழங்கினாள். கடலே இல்லாத ஓசூரின் தொழிற்பேட்டைத் தெருவில், எதிர்ப் பட்டறைக் கோவிந்தப்பனும் தாமதமாய்க் கதவைத் திறந்துகொண்டு ஓடிவர, அந்த முழக்கம் எழுந்து ஒலித்தது.